இரண்டு மெல்லிய கோடுகள்

1952-இல் சோவியத் ஒன்றியத்தின் இயற்பிய வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் எட்டுப் பக்கக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ராதுஷ்கேவிச், லுகியானோவிச் என்ற இருவர். சூடான இரும்பின் மேல் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால் கரி படியும். சுமார் 600 டிகிரி வெப்பத்தில் படிந்த அந்தக் கரியைத்தான் அவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்த்தார்கள். புழு நெளிவதுபோல் நூல்கள் தெரிந்தன. தடிமன் சுமார் 50 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. சில நூல்களின் நடுப்பகுதி ஓரங்களைவிட எளிதாகக் கதிரை ஊடுருவ விட்டது. உள்ளே கூடு, வெளியே சுவர் என்று புரிந்துகொள்ள அது போதும்.

கட்டுரை ரஷ்ய மொழியில் இருந்தது. பனிப்போர்க் காலம் வேறு. மேற்கு நாடுகளில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர், படித்தவர்களும் மறந்துபோனார்கள். 2006-இல்தான் பிரான்சின் மார்க் மோந்தியூவும் ரஷ்யாவின் குஸ்நெத்சோவும் ‘கார்பன்’ ஆய்விதழின் தலையங்கத்தில் அந்தப் படங்களைத் தூசி தட்டி எடுத்து, கார்பன் நானோகுழாயைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்ற கேள்வியைக் கிளப்பினார்கள். அதற்குள் உலகம் முழுக்க அந்தப் பெருமை ஜப்பானின் சுமியோ இஜிமாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மொழியும் அரசியலும் பாதிக் காரணம். மீதிப் பாதி கருவியில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டுக் கருவி நூலைக் காட்டியது, உள்ளே கூடு என்பதையும் காட்டியது. சுவர் எதனால் ஆனது, எத்தனை அடுக்கு என்பதைக் காட்டவில்லை. கிராஃபைட்டில் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே 0.34 நானோமீட்டர்தான் இடைவெளி. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாதவரை குழாய் என்பது வெறும் கரிநூல். நானோகுழாயின் கதையைப் பொருளின் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அதைக் காட்டிய கருவியின் கதையாகவும், அந்தக் கருவியோடு மல்லுக்கட்டியவர்களின் கதையாகவும் சொன்னால்தான் ஏன் இத்தனை தாமதம், ஏன் இத்தனை சண்டை என்பது விளங்கும்.

அந்தக் கருவி பிறந்தது பெர்லினில். 1931-இல் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் மாக்ஸ் கினோலும் அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் காந்தச் சுருள்களையே லென்ஸாக வைத்து எலக்ட்ரான் கதிரால் பிம்பம் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் ருஸ்காவின் அடுத்த கருவி ஒளி நுண்ணோக்கியைத் தாண்டிவிட்டது. 1939-இல் சீமன்ஸ் நிறுவனம் விற்பனைக்கே கொண்டுவந்தது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986-இல். முதல் கருவிக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

கணக்குப்படி பார்த்தால் எலக்ட்ரானுக்கு எதுவும் தப்பக் கூடாது. 100 கிலோவோல்ட்டில் முடுக்கிவிட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவில் அது சிறு பின்னம். இருந்தும் அணுக்கள் தெரியவில்லை, ஏனென்றால் லென்ஸ் மோசம். 1936-இல் ஓட்டோ ஷெர்ட்சர் என்ற ஜெர்மானியர் அதைக் கணிதமாகவே நிறுவினார்: வட்டச் சமச்சீர் உள்ள எந்தக் காந்த லென்ஸிலும் கோளப் பிறழ்ச்சி இருந்தே தீரும், கண்ணாடி லென்ஸில் செய்வதுபோல் குழிலென்ஸ் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிக்கட்ட வழியில்லை. அடுத்த அறுபது ஆண்டுகள் நுண்ணோக்கிக்காரர்கள் இந்தச் சாபத்தோடுதான் வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மாற்று, மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போவது. அழுத்தம் கூடினால் அலைநீளம் குறையும், படம் கூர்மையாகும்.

இதற்கிடையில் தொழிற்சாலைகளில் கரிநூல் ஒரு தொல்லையாகவே பெயர் வாங்கியிருந்தது. 1953-இல் டேவிஸ், ஸ்லாசன், ரிக்பி என்ற மூவர் ‘நேச்சர்’ இதழில், இரும்பு உருக்கும் ஊது உலைச் செங்கல்லில் படியும் விசித்திரமான கரியைப் பற்றி எழுதினார்கள். செங்கல்லுக்குள் நூல் வளர்ந்தால் செங்கல் வெடிக்கும். வேதி ஆலைகளின் வினையூக்கிக் குழாய்களிலும் இதே கதை. எனவே அன்றைய ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி இதை எப்படி ஒழிப்பது என்பதுதான். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் டெரி பேக்கரின் குழு ஒரு படி மேலே போனது. நுண்ணோக்கிக்குள்ளேயே வாயுவை விட்டு, உலோகத் துகளைச் சூடாக்கி, நூல் வளர்வதை நேரடியாகவே படம் பிடித்தது. 1972-இல் வெளியான அந்த ஆய்வில் நிக்கல் துகள் நூலின் நுனியில் ஏறிக்கொண்டு முன்னே போவது தெரிந்தது. இன்று நானோகுழாய் வளர்க்கும் பலரும் பயன்படுத்தும் விளக்கம், ஒழித்துக்கட்ட நினைத்தவர்களிடமிருந்து வந்தது.

கரிக்கும் நுண்ணோக்கிக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. 1968-இல் ஹைடன்ரைக், ஹெஸ், பான் ஆகியோர், உயர் வெப்பத்தில் கிராஃபைட்டாக மாற்றிய புகைக்கரியைக் கருவிகளுக்கான தேர்வுப்பொருளாக முன்வைத்தார்கள். அதன் 0.34 நானோமீட்டர் கோடுகளைத் தெளிவாகக் காட்டினால் கருவி நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் புது நுண்ணோக்கி வந்து இறங்கியதும் முதலில் பார்த்தது கரியைத்தான். அப்படிப் பார்த்த யாராவது ஒரு மூலையில் குழாயையும் பார்த்திருப்பார்களா? பார்த்திருக்கலாம். தேர்வுத்தாளில் யாரும் கவிதை தேடுவதில்லை.

1960-இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் மின்வில்லில் கிராஃபைட் இழைகளை வளர்த்து, பாயைச் சுருட்டியதுபோல் அடுக்கு சுருண்டிருக்கிறது என்று எழுதினார். 1976-இல் பிரான்சின் ஓர்லியன் நகரில் ஆக்னஸ் ஓபர்லினோடு சேர்ந்து உழைத்த மொரினோபு எண்டோ, பென்சீன் ஆவியிலிருந்து வளர்ந்த இழைகளைப் படமெடுத்தார். அவற்றுள் ஒரு படத்தில் இருப்பது ஒற்றைச் சுவர்க் குழாயாகவே இருக்கலாம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். 1979-இல் நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் ஆபிரகாம்சன் குழு அமெரிக்காவுக்குப் போய், மின்வில்லின் நேர்மின்முனையில் கிடைத்த கரிநூல்களைப் பற்றி மாநாட்டில் பேசியது. இவர்களில் எவருடைய படத்தையும் பார்த்து உலகம் துள்ளிக் குதிக்கவில்லை.

இஜிமா வித்தியாசமான ஆள். 1970 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கௌலியின் ஆய்வகத்தில் கண்ணைப் பழக்கியவர். உலோக ஆக்சைடுகளில் அணு வரிசைகளைப் படமாகக் காட்டி 1971-லேயே பெயர் பெற்றவர். 1980-இல் கார்பன் படலம் ஒன்றில் வெங்காயம்போல் ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய கோளங்களைப் பார்த்து எழுதியிருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூவரும் அறுபது கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன் பந்தை அறிவித்தபோது, அந்தப் பழைய படத்தின் நடுவில் இருந்தது அதே அளவுள்ள கூடு என்பதை அவரால் சுட்டிக்காட்ட முடிந்தது. 1990-இல் கிராட்ச்மரும் ஹஃப்மனும் ஃபுல்லரீனைக் கிராம் கணக்கில் செய்யும் வழியைச் சொன்னதும், உலகின் ஆய்வகங்களெல்லாம் மின்வில் அறையின் சுவரில் படியும் கரியைச் சுரண்டத் தொடங்கின.

இஜிமா சுவரை விட்டுவிட்டு, எதிர்மின்முனையில் கெட்டியாகப் படிந்திருந்த பகுதியைப் பார்த்தார். அந்தப் படிவு கிடைத்தது நகோயாவின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் யோஷினோரி ஆண்டோவிடமிருந்து. ஊசி ஊசியாகக் குழாய்கள். 1991 நவம்பர் 7 அன்று ‘நேச்சர்’ வெளியிட்ட அவருடைய கட்டுரை மூன்று பக்கம்தான். 4 முதல் 30 நானோமீட்டர் தடிமன், 2 முதல் 50 அடுக்குகள் என்று அளவு சொன்னது. முதல் படத்தில் மூன்று குழாய்கள்: ஒன்றில் ஐந்து அடுக்கு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஏழு.

அந்தக் கட்டுரையின் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. குழாயின் இடப்பக்கம் ஐந்து கோடு என்றால் வலப்பக்கமும் ஐந்து. பேக்கன் சொன்னதுபோல் சுருட்டிய பாயாக இருந்தால் இந்தச் சமன் எல்லா இடத்திலும் நிற்காது. ஒரு பக்கம் ஒன்று கூடியோ குறைந்தோ வந்துவிடும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்று செருகிய, தையலில்லாத குழாய்கள். அடுத்ததாக எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தை எடுத்து, புள்ளிகள் விழுந்திருக்கும் முறையிலிருந்து கார்பன் அணுக்களின் அறுகோணங்கள் குழாயின் அச்சோடு சாய்ந்து திருகியிருப்பதைக் காட்டினார். முறுக்கைப் பொறுத்து குழாய் உலோகமாகவோ குறைகடத்தியாகவோ நடந்துகொள்ளும் என்று அடுத்த ஆண்டே கோட்பாட்டாளர்கள் கணித்தபோது, அந்தத் திருகல் தங்கமாகிவிட்டது. முன்னோடிகளின் படங்களுக்கு உரிய இடத்தைக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் நூலைப் பார்த்ததும், அது இன்ன வடிவம் என்று எண்ணி நிறுவியதும் ஒரே வேலை என்று சொல்லிவிட முடியாது.

உண்மையான சிரமம் 1993-இல் தொடங்கியது. ஜூன் 17 ‘நேச்சர்’ இதழில் இஜிமாவும் இச்சிஹாஷியும் ஒரு கட்டுரை, கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வகத்திலிருந்து பெத்யூன் குழு மற்றொரு கட்டுரை என இரண்டு கட்டுரைகள் வந்தன. முன்னவர்கள் இரும்பையும் பின்னவர்கள் கோபால்ட்டையும் மின்வில்லில் சேர்த்தார்கள். இருவருக்கும் கிடைத்தது ஒற்றைச் சுவர்க் குழாய், தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர். அப்படிப்பட்ட குழாயின் படம் என்பது இரண்டே இரண்டு மெல்லிய கோடுகள். கதிர் குழாயின் பக்கவாட்டுச் சுவரைத் தழுவிக்கொண்டு செல்லும் இடத்தில் பல அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கோடு விழும். கதிரை எதிர்கொள்ளும் மேற்சுவரும் அடிச்சுவரும் ஓர் அணுத் தடிமன்தான். அவை பழைய கருவிகளில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது.

கார்பன் லேசான அணு. ஆறே புரோட்டான்கள். எலக்ட்ரானைத் தங்கம் திருப்பும் அளவுக்கு அது திருப்பாது. கதிரை விழுங்கவும் செய்யாது. அலையின் கட்டத்தைச் சற்றே தள்ளிவிடும், அவ்வளவுதான். மாதிரியை ஏந்தும் 3 மில்லிமீட்டர்ச் செப்பு வலையின் மேல் விரித்திருக்கும் படலமும் பெரும்பாலும் கார்பன்தான். கார்பன் மேல் கார்பனை வைத்தால் குழாய் பின்னணியில் கரைந்துபோகும். எனவே துளைகள் நிறைந்த படலமாகப் பார்த்து வாங்கி, ஆல்கஹாலில் கரியைப் போட்டு, மீயொலியால் அலசிப் பிரித்து, ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, துளைக்கு மேல் பாலம்போல் கிடக்கும் குழாயைத் தேடுவது வழக்கமாயிற்று. மீயொலியை அதிகம் கொடுத்தால் குழாய் உடையும். குறைத்தால் கற்றையாகவே கிடக்கும். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் பத்து, நூறு என்று ஒட்டிக் கற்றையாகிவிடும் இயல்புடையவை. அந்தக் கற்றையில் எந்தக் கோடு எந்தக் குழாயினுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. போதாக்குறைக்கு வினையூக்கி உலோகத் துகள்கள் கறுப்பு மச்சங்களாக இடையிடையே வந்து உட்கார்ந்திருக்கும்.

குவியம் இன்னொரு ஏமாற்று. கட்டம் மாறுவதால் உண்டாகும் இந்தப் படம் சரியான குவியத்தில் மங்கிவிடும். வேண்டுமென்றே சற்று விலக்கி வைத்தால்தான் கோடு தோன்றும். எவ்வளவு விலக்குவது என்பதைப் பொறுத்துக் கோடு கறுப்பாகும், வெளுப்பாகும், பக்கத்தில் இல்லாத கோடுகளும் முளைக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே அளந்து இதுதான் விட்டம் என்று எழுதினால் அளவு தவறிப்போகும். கணினியில் மாதிரிப் படம் வரைந்து ஒப்பிட்ட பிறகே அளவைச் சொல்ல வேண்டும் என்பதை இந்தத் துறை பல தவறுகளுக்குப் பிறகு கற்றது. ஒற்றைச் சுவர்க் குழாயின் முறுக்கைத் துல்லியமாகச் சொல்ல இன்றும் பலர் நம்புவது நேரடிப் படத்தைவிட விளிம்பு விளைவுப் படத்தை. 2003-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜியான்-மின் ஸுவோ குழு, விளிம்பு விளைவின் செறிவுகளை மட்டும் வைத்துக் கணினி வழியே கட்டத்தை மீட்டு, இரட்டைச் சுவர்க் குழாய் ஒன்றின் படத்தை 0.1 நானோமீட்டர் பிரிதிறனில் வரைந்துகாட்டியது. பிம்பம் காட்டும் லென்ஸை நம்பாமலே எடுத்த படம்.

இவ்வளவையும் தாண்டி வந்தவரைக் கவிழ்த்தது வேறொன்று. நுண்ணோக்கிக்காரர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நெளியும், சுவரில் பள்ளம் விழும், கொஞ்ச நேரத்தில் குழாய் சுருங்கி உருவம் கெட்டுப்போகும். பார்க்க உதவும் கதிரே குழாயைத் தின்றுகொண்டிருந்தது.

எலக்ட்ரானைவிடக் கார்பன் அணு சுமார் 22,000 மடங்கு கனமானது. சாதாரணமாக மோதினால் எலக்ட்ரான் திரும்பி ஓடும், அணு அசையாது. ஆனால் வேகம் கூடக் கூட நிலைமை மாறும். 100 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் நேருக்கு நேர் மோதினால் கார்பனுக்குச் சுமார் 20 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போய்ச் சேரும். 200 கிலோவோல்ட்டில் அது 44-ஐ நெருங்கும். குழாயின் சுவரிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கி எறிய 17 போதும். 2001-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்மித்தும் டேவிட் லூஸியும் இந்தக் கணக்கைச் சோதனையோடு சேர்த்துப் போட்டு, ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு ஆபத்து தொடங்கும் வாசலை 86 கிலோவோல்ட் என்று குறித்தார்கள். அதுவரை உலகின் நல்ல நுண்ணோக்கிகள் பெரும்பாலும் 200 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டுட்கார்ட்டில் 1250, ஒசாகாவில் 3000 கிலோவோல்ட் என்று கட்டடம் அளவுக்குக் கருவிகள் எழும்பியிருந்தன. அறுபதாண்டு முன்னேற்றம் முழுவதும் நானோகுழாயைப் பொறுத்தவரை தவறான திசையில் போயிருந்தது.

இந்த அழிவைச் சிலர் படைப்பாக மாற்றிக்கொண்டார்கள். 1992-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் டேனியல் உகார்த்தே, சாதாரணப் புகைக்கரியின் மேல் தீவிரமான கதிரைப் பாய்ச்ச, அது தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு வெங்காயக் கோளங்களாக மாறியது. பத்தாண்டு கழித்து தெரோனெஸ், பான்ஹார்ட் முதலானோர், 800 டிகிரியில் சூடாக்கி வைத்த குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் 1250 கிலோவோல்ட் கதிரைக் காட்டி, இரண்டையும் ஒரே பொருளாகப் பற்றவைத்தார்கள். ஆனால் உகார்த்தேயின் சோதனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கரியைக் கதிரே வளைத்து மூட வைக்கிறது என்றால், படத்தில் தெரியும் வளைந்த அடுக்கு மாதிரியோடு வந்ததா, பார்க்கும்போது உண்டானதா என்ற சந்தேகம் ஒவ்வொரு படத்தின் மேலும் விழுகிறது.

நடுக்கம் அடுத்த தொல்லை. ஒரு முனை மட்டும் பிடிமானத்தில் இருக்கும் குழாயின் மறுமுனை எப்போதும் மங்கலாகவே விழும். அறை வெப்பத்தின் ஆற்றலே அதை ஆட்டிக்கொண்டிருக்கும். பலரும் அந்தப் படங்களைக் குப்பையில் போட்டார்கள். 1996-இல் பிரின்ஸ்டனில் இருந்த என்இசி ஆய்வகத்தின் ட்ரீசியும் எபெசனும், கிப்சனோடு சேர்ந்து, அந்த மங்கலையே அளந்தார்கள். வெப்பத்தைக் கூட்டினால் முனை எவ்வளவு அதிகம் ஆடுகிறது என்று பார்த்தால், குழாய் எவ்வளவு விறைப்பானது என்று கணக்கிடலாம். யங் குணகம் சராசரியாக 1.8 டெராபாஸ்கல் என்று வந்தது. எஃகோடு ஒப்பிட்டால் சுமார் ஒன்பது மடங்கு. குழாய்களுக்கு இடையே அளவு மிகவும் மாறினாலும், நானோகுழாயின் விறைப்பைப் பற்றி அதுவரை கணக்கில் மட்டுமே பேசியவர்களுக்குக் கையில் ஓர் எண் கிடைத்தது. இந்தத் துறையில் இவ்வளவு மலிவாகக் கிடைத்த நல்ல முடிவு வேறில்லை.

பரப்பை வருடிப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கதை வேறு. அதற்கு ஒரு நானோமீட்டர்க் குழாய் உண்மையில் எட்டாது. ஆனாலும் சிலிக்கன் ஆக்சைடு மேல் கிடக்கும் குழாய், ஏறத்தாழ 1 கிலோவோல்ட்டில் பளிச்சென்று தெரிகிறது. 2002-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் இந்த வித்தையை விளக்கி எழுதினார்கள்: தெரிவது குழாயின் உருவமன்று, குழாயைச் சுற்றியுள்ள காப்புப் பரப்பின் மின்னூட்ட வேறுபாடு. அதனால் கோடு உண்மை அளவைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கும். குழாய் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும். தடிமனை அதில் அளந்தால் வம்பு. வெற்றிடத்தில் மிஞ்சியிருக்கும் எண்ணெய் ஆவியைக் கதிர் குழாயின் மேல் கரியாகப் படியவைக்கும் தொந்தரவும் இதில் அதிகம். ராட்னி ருவாஃப் குழுவினர் 2000-இல் அந்த அழுக்கையே பசையாக வைத்துக் குழாயின் இரு முனைகளையும் ஊசிகளில் ஒட்டி, இழுத்து அறுத்துப் பார்த்தார்கள்.

விடிவு வந்தது ஷெர்ட்சரின் நாட்டிலிருந்தே. வட்டச் சமச்சீர் உள்ள லென்ஸில்தான் பிறழ்ச்சி தவிர்க்க முடியாதது. சமச்சீரை உடைத்தால் தப்பலாம் என்று 1947-இல் ஷெர்ட்சரே வழி சொல்லியிருந்தார். அவருடைய மாணவர் ஹரால்ட் ரோசே வடிவமைக்க, மாக்ஸிமிலியன் ஹைடர் கட்ட, கனூட் உர்பான் பயன்படுத்திக் காட்ட, ஆறு துருவக் காந்தங்களாலான திருத்தி 1998-இல் நிஜமானது. வருடும் வகைக் கதிருக்கு ஒன்ட்ரெய் கிரிவானெக் தனியாக ஒன்று செய்தார். நால்வருக்கும் 2020-இல் காவ்லி பரிசு கிடைத்தது. அதே பரிசை 2008-இல் நானோ அறிவியலுக்காக முதன்முதலில் பெற்ற இருவரில் ஒருவர் இஜிமா. திருத்தி வந்ததால் கூர்மைக்காக மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டிய கட்டாயம் போயிற்று. 80-க்கு இறக்கினார்கள், பிறகு 60-க்கு. 60 கிலோவோல்ட்டில் கார்பனுக்குப் போய்ச் சேரும் ஆற்றல் 12 எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது. ஜெர்மனியின் உல்ம் நகரில் உட்டே கைசரின் குழு 20 கிலோவோல்ட்வரை இறங்கும் கருவியைக் கட்டியது. ஜப்பானில் கஸு சுயேனாகா 30, 60 என்று தனித் திட்டமே நடத்தினார்.

அணுவைப் பிடுங்குவது நின்றாலும் சேதம் முழுக்க நிற்கவில்லை. மிச்சமிருக்கும் நீராவியும் ஆக்சிஜனும் கதிரின் உதவியோடு கார்பனை அரிக்கும். ஏற்கெனவே குறை உள்ள இடத்தில் அணுவின் பிடி தளர்ந்திருக்கும். அங்கே வாசல் எண் இன்னும் கீழே. எனவே இன்றும் இது அவசர வேலை. எலக்ட்ரானைக் குறைத்துக் கொடுத்தால் படத்தில் இரைச்சல், கூட்டிக் கொடுத்தால் படத்தில் பொருளே இல்லை.

இருந்தாலும் பலன் பெரிது. 2007-இல் சுயேனாகா குழு, குழாயின் சுவரில் அறுகோணங்களுக்கு நடுவே ஐங்கோணமும் எழுகோணமும் சேர்ந்து நிற்கும் குறைகளைப் படமாகக் காட்டியது. கணிதத்தில் மட்டும் வாழ்ந்த குறைகள் அவை. அதே ஆண்டு தோக்கியோவின் எய்ச்சி நகமுரா, ஒரு குழாயையே கூண்டாக்கி, உள்ளே தனி மூலக்கூறு நெளிவதைத் திரைப்படமாக எடுத்தார். வெற்றிடத்தில் ஓடிப்போகும் மூலக்கூறை நிறுத்திவைக்க, மெல்லிய, கதிரை மறைக்காத சிறை ஒன்று வேண்டும். கண்ணுக்கே தெரியாது என்று சபித்த அந்தப் பலவீனமே இங்கே தகுதியாயிற்று. 2021-இல் அவருடைய குழு, கூம்பு வடிவக் குழாயின் முனையில் சாதாரண உப்பு ஒழுங்கற்ற திரளிலிருந்து படிகக் கருவாக மாறும் கணத்தைப் பதிவு செய்தது.

தொல்பொருள் ஆய்வுக்கும் இந்தக் கருவி போயிற்று. அங்கேதான் தமிழ்நாடும் கதைக்குள் வருகிறது. 2006-இல் டிரெஸ்டனின் ராய்போல்ட், பவுஃப்லர் குழு, பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளின் துணுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக அறிவித்தது. அந்த வாள்களின் மூலப்பொருள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிப்போன மூசை உருக்கு. கொடுமணல் போன்ற இடங்களில் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. 2020-இல் வேலூர் விஐடி ஆய்வாளர்களும் உடன் உழைத்தவர்களும், கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கீழடிப் பானையோடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் நானோகுழாய்கள் உள்ளதாக ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரித் தடிமன் சுமார் 0.6 நானோமீட்டர் என்றார்கள்.

செய்தித்தாள்கள் அதைப் பெருமிதமாகக் கொண்டாடின. கொண்டாடலாம். ஆனால் 0.6 என்பது ஃபுல்லரீன் பந்தின் 0.7-ஐவிடச் சிறியது. ஆய்வகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் ஒற்றைச் சுவர்க் குழாய் ஒன்று முதல் இரண்டு நானோமீட்டர். இதைவிட மெல்லிய, 0.4 நானோமீட்டர்க் குழாயும் வேறு குழாய்க்குள் அடைபட்ட நிலையில் பதிவாகியிருக்கிறது. ஆகவே முடியாததென்று தள்ள இடமில்லை. எனினும் பூச்சு கார்பன், ஏந்தும் படலமும் கார்பனாக இருக்கலாம், கதிருக்கோ கார்பனை வளைக்கும் பழக்கம் உண்டு. குவியத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் கோடுகளின் இடைவெளி மாறிவிடும். வேறு ஆய்வகங்கள் குறைந்த மின்னழுத்தத்தில், வேறு வலைகளில் வைத்து, அதே ஓடுகளை மறுபடி பார்ப்பதுதான் கீழடிக்குச் செய்யும் மரியாதை.

இன்று இந்தச் சிக்கல் ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்கூடத்துக்கு வந்துவிட்டது. பேட்டரி மின்முனைகளிலும் பிளாஸ்டிக்கிலும் கலக்கப் பலசுவர்க் குழாய்கள் டன் கணக்கில் உற்பத்தியாகின்றன. 2008-இல் எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழு, நீண்டு நிமிர்ந்த குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் செய்வதைப் போன்ற அழற்சி உண்டாவதைக் கண்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசுக்கு வரம்பு வைப்பது எளிது: காற்றை வடிகட்டி, நாரை எண்ணி, ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை என்று சொல்லிவிடலாம். நானோகுழாய் வடிகட்டியில் தனித்தனியாக வந்து விழுவதில்லை. சிக்கலாக, உருண்டையாக, உலோகத் துகளோடு, சாதாரணப் புகைக்கரியோடு கலந்து விழுகிறது. ஒரு முடிச்சை ஒன்று என்று எண்ணுவதா, நூறு என்று எண்ணுவதா? அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு எண்ணிக்கையில் இல்லை. எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் கார்பன் என்று எடையில் இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் ஒருவர் உட்கார்ந்து வடிகட்டியைப் பார்ப்பதும் நடக்கிறது, அந்தக் கார்பன் குழாய்தானா என்று உறுதிசெய்துகொள்ள.